ஒட்டுதலும் அழற்சியும்: ஆரணிப் பட்டின் பசையிலிருந்து உயிரணு ஆய்வாளர்களின் பெயரிடல் வரை

ஆய்வுச்சுருக்கம்

உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றுவதும் பற்று விடுவதும் அழற்சி என்னும் உடல்நிகழ்வின் அடிப்படையாகும். இத்துறை 1980களில் விரைந்து வளர்ந்தபோது ஒரே மூலக்கூறு பல ஆய்வகங்களில் பல பெயர்களைப் பெற்றது. துறையின் முன்னணி அறிஞர்கள் 1991இல் கூடிக் கையொப்பமிட்டு அக்குழப்பத்தைத் தீர்த்தனர். அவர்களுள் ஒருவர் வேலூரில் மருத்துவம் பயின்றவர். அவ்வரலாற்றை ஆரணியின் பட்டுத் தொழிலோடும் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தோடும் இணைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: உயிரணு ஒட்டுதல், அழற்சி, செலக்டின், இன்டெக்ரின், செரிசின், ஆரணிப் பட்டு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். அங்குத் தறியேறும் பட்டு நூல் அதற்கு முன்பு ஒரு வேதிமாற்றத்தைக் கடந்து வருகிறது. புழுவின் வாயிலிருந்து வெளிப்படும் இழை உண்மையில் ஒற்றை இழையன்று. இரண்டு சுரப்பிகளிலிருந்து வரும் ஃபைப்ராயின் என்னும் புரத இழைகள் இரண்டைச் செரிசின் என்னும் மற்றொரு புரதம் பசையாகப் பூசி ஒன்றாக்குகிறது. கூட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை வேகவைக்கும்போது செரிசின் கரைகிறது, ஃபைப்ராயின் கரைவதில்லை. பசை நீங்கிய பின்னரே நூலுக்கு மென்மையும் பளபளப்பும் வருகின்றன, சாயமும் சீராகப் பிடிக்கிறது.

எங்கே ஒட்ட வேண்டும், எப்போது ஒட்டு நீங்க வேண்டும் என்பது பட்டுத் தொழிலாளிக்கு அன்றாடக் கேள்வி. கூட்டுக்குள் இருக்கும் புழுவுக்குப் பசை காவல். சாயம் தோய்ப்பவருக்கு அது தடை. மனித உடலின் உயிரணுக்களும் இதே கேள்வியை ஒவ்வொரு நொடியும் எதிர்கொள்கின்றன. இவ்வொப்புமை வெறும் உவமையன்று. பட்டும் உயிரணு ஒட்டுதலும் ஆய்வுக்கூடத்தில் நேரடியாகவே சந்தித்துள்ளன என்பது பின்னர்க் காட்டப்படும்.

அழற்சி என்னும் சொல்

அழல் என்பது நெருப்பு. அழற்சி என்னும் சொல் அவ்வடியிலிருந்து வந்தது. இலத்தீன் மொழியிலும் இந்நிகழ்வின் பெயர் தீப்பற்றுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், நோதல் ஆகிய நான்கு அடையாளங்களைக் கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய எழுத்தாளர் செல்சஸ் பதிவு செய்தார். சித்த மருத்துவ வழக்கில் தாபிதம் என்னும் சொல் இதே பொருளில் வழங்குகிறது. அதுவும் வெப்பத்தைச் சுட்டுவதே. மூன்று மரபுகளும் கண்ணுக்கும் கைக்கும் புலப்பட்டதையே பெயராக்கியிருக்கின்றன.

இன்று செய்தித்தாள்களில் ஒவ்வாமையைக் குறிக்கவும் அழற்சி என்று எழுதும் வழக்கம் காணப்படுகிறது. அலர்ஜி என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே இம்மயக்கத்துக்குக் காரணமாகலாம். ஒவ்வாமை அழற்சியைத் தூண்டக்கூடும்; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. காலில் முள் தைத்து வீங்குவது அழற்சி. அதில் ஒவ்வாமைக்கு இடமில்லை.

வெளியே தெரியும் இவ்வெரிச்சலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை 1867இல் ஜெர்மானிய நோயியலறிஞர் யூலியஸ் கோன்ஹைம் விரிவாக விளக்கினார். உயிருள்ள தவளையின் மெல்லிய திசுவை நுண்ணோக்கியின்கீழ் விரித்துப் பார்த்தபோது, குருதியோடு ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் சிறுநாளங்களின் சுவரோரம் ஒதுங்கி, ஒட்டி, சுவரைக் கடந்து வெளியேறியதை அவர் கண்டார். சீழில் உள்ள அணுக்கள் அந்த இடத்துத் திசுவிலேயே தோன்றுகின்றன என்பது அவருடைய ஆசிரியர் விர்ஹோவின் கருத்து. மாணவரின் நுண்ணோக்கி அதை மறுத்தது. ஆனால் ஓடும் அணு ஏன் நிற்கிறது, எதைப் பற்றி நிற்கிறது என்னும் கேள்விகளுக்கு விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஓடும் குருதியில் ஒட்டுதல்

இக்கேள்வியின் கடினம் எளிதில் புலப்படாது. குருதியிலுள்ள வெள்ளையணு எப்போதும் ஒட்டும் தன்மையுடையதாக இருந்தால் நாளங்கள் அடைபட்டுவிடும். ஒருபோதும் ஒட்டாததாக இருந்தால் கிருமி புகுந்த இடத்துக்கு அது சென்று சேர இயலாது. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும், வேகமாகப் பாயும் நீரோட்டத்துக்கு நடுவே அது நின்றாக வேண்டும்.

உடல் இதை ஒரே பசையால் செய்வதில்லை. அழற்சியுற்ற திசுவின் அருகிலுள்ள நாளச்சுவர் செலக்டின் என்னும் புரதங்களை வெளிப்படுத்துகிறது. இவை வெள்ளையணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை மெல்லப் பிடித்து உடனே விடுகின்றன. பிடித்தும் விட்டும் அணு சுவர்மீது உருளத் தொடங்குகிறது. உருளும்போது வேகம் குறைகிறது. சுவரிலுள்ள வேதிச் செய்திகளை உணர அதற்கு நேரம் கிடைக்கிறது. அச்செய்தி கிடைத்ததும் அணுவின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் வேறு புரதங்கள் தம் வடிவத்தை மாற்றி நிமிர்ந்து நாளச்சுவரை இறுகப் பற்றுகின்றன. உருளல் நின்றுவிடுகிறது. பிறகு அணு தட்டையாகி, சுவரின் இடுக்கில் நுழைந்து திசுவுக்குள் செல்கிறது.

இவ்வரிசையைச் செயற்கை ஓட்ட அறையில் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது மைக்கேல் லாரன்சும் திமோத்தி ஸ்பிரிங்கரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு. செலக்டின் பூசிய பரப்பில் அணுக்கள் ஓட்டத்தின் நடுவிலும் உருண்டன. இன்டெக்ரின் பற்றும் புரதம் மட்டும் பூசிய பரப்பில், ஓட்டம் இருக்கையில் அவை பிடிப்பின்றிக் கடந்து சென்றன. ஓட்டத்தை நிறுத்தினால் மட்டும் ஒட்டின. முதற்படி இல்லாமல் இரண்டாம் படிக்கு வழியில்லை என்பது தெளிவாயிற்று.

இது வெறும் கோட்பாடன்று என்பதற்கு மிக அரிய பிறவிக் குறைபாடு ஒன்று சான்று. இன்டெக்ரினின் ஒரு பகுதியான சிடி 18 புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி விழ வாரக்கணக்கில் தாமதமாகும். குருதியைச் சோதித்தால் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் கட்டாது. காவலர் ஏராளமாகத் தெருவில் அலைகின்றனர், ஒருவருக்கும் வீட்டுக்குள் நுழையும் வழி தெரியவில்லை என்பது போன்ற நிலை அது. சீழைக் கெட்டதின் அடையாளமாக மட்டுமே கருதிப் பழகிய மனத்துக்கு, சீழ் இல்லாமையால் வரும் உயிராபத்து வியப்பளிப்பதாகும். சர்க்கரைச் சங்கிலி சரியாக அமையாததால் உருளலே நிகழாத இரண்டாம் வகைக் குறைபாடு 1992இல் கண்டறியப்பட்டது.

ஒரு பொருள், பல பெயர்

தமிழாய்வாளர்கள் கூர்ந்து நோக்கத்தக்க பகுதி இதுவே. 1980களின் இறுதியில் இப்புரதங்களைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. நாளச்சுவரை ஆய்ந்தவர்கள் தாம் கண்டதை ஈலாம்-1 என்றனர். தட்டணுக்களை ஆய்ந்த ஒரு குழு தன் புரதத்தை ஜிஎம்பி-140 என்றது; அதே புரதத்தை மற்றொரு குழு பேட்ஜம் என்றது. நிணநீர் அணுக்களை ஆய்ந்தவர்களிடம் மெல்-14 எதிர்ப்பொருளால் அறியப்பட்ட புரதம், லாம்-1, லீகாம்-1 என்னும் பெயர்கள் வழங்கின. இவை மூன்று புரதங்களே என்பதும், மூன்றும் ஒரே குடும்பம் என்பதும் மரபணு வரிசைகள் வெளியான பின்னர்த் தெரியவந்தன. பெயர் வேறாக இருந்ததால் ஒரு குழுவின் முடிவு மற்றொரு குழுவின் கண்ணில் படாமல் போகும் நிலை இருந்தது.

1991இல் செல் என்னும் ஆய்விதழில் ஒரு சிறு மடல் வெளியாயிற்று. போட்டியிட்டுக்கொண்டிருந்த ஆய்வகங்களின் தலைவர்கள் ஏறத்தாழ இருபதுபேர் அதில் ஒன்றாகக் கையொப்பமிட்டிருந்தனர். பெவிலாக்குவா, புட்சர், மெக்எவர், லாஸ்கி, ரோசன், ஸ்பிரிங்கர், வார்க்கி ஆகியோர் அவர்களுள் சிலர். குடும்பத்துக்குச் செலக்டின் என்று பெயர். உறுப்பினர்க்கு நாளச்சுவர், தட்டணு, வெள்ளையணு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக்கொண்டு ஈ, பி, எல் என்னும் அடைமொழிகள். யார் சூட்டிய பெயரும் வெல்லவில்லை. எல்லோரும் தத்தம் பெயரைக் கைவிட்டனர். அறிவியல் வரலாற்றில் இத்தகைய விட்டுக்கொடுத்தல் அடிக்கடி நிகழ்வதன்று.

அச்சொல்லின் பிறப்பும் சுவையானது. லெக்டின் என்பது சர்க்கரையைத் தெரிந்து பற்றும் புரதங்களுக்கு வில்லியம் பாய்டு 1954இல் சூட்டிய பெயர். தேர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து அது ஆக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே அடியைக் கொண்டது. இரண்டையும் பிணைத்த செலக்டின் என்னும் பெயரில் தேர்தல் இருமுறை ஒலிக்கிறது.

இன்டெக்ரினின் கதை சற்றே எளிது. அணுவின் உட்புறச் சட்டகத்தையும் வெளிப்புறப் பின்னலையும் ஒருங்கிணைப்பது என்னும் பொருளில் ரிச்சர்டு ஹைன்சின் குழு 1986இல் அப்பெயரை இட்டது. கென்யாவின் நைரோபியில் பிறந்த ஹைன்ஸ், பின்னாளில் அமெரிக்க உயிரணு உயிரியல் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். இன்டெக்ரின்கள் பற்றும் மிகச் சிறிய அடையாளம் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்களின் வரிசை என்பதை 1984இல் எர்க்கி ரூவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் காட்டினர். ஹைன்ஸ், ரூவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் மூவரும் 2022ஆம் ஆண்டின் அடிப்படை மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

வேலூரிலிருந்து சென்றவர்

மேற்கண்ட மடலில் கையொப்பமிட்டவர்களுள் அஜித் வார்க்கி, ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். பின்னர்க் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் பணியாற்றி, உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிய கிளைக்கோ உயிரியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார். அத்துறையின் கழகத்துக்கும் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் கழகத்துக்கும் தலைமையேற்றதோடு, பின்னதன் ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

ஓர் ஆய்வுக் கழகத்தின் தலைமை என்பது மாநாட்டு மேடையில் அமர்வதோடு முடிவதன்று என்பதற்கு அவருடைய பணிகள் எடுத்துக்காட்டு. சிக்லெக் என்னும் மற்றொரு புரதக் குடும்பத்துக்கும் 1998இல் இவ்வாறே பல ஆய்வகங்கள் கூடிப் பெயரிட்டன. அதிலும் அவர் பங்கு கொண்டார். 1999இல் முதற்பதிப்பு வெளிவந்த கிளைக்கோ உயிரியல் அடிப்படைகள் என்னும் பாடநூலின் தலைமைப் பதிப்பாசிரியர் அவரே. அந்நூல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சர்க்கரைகளை வரைபடத்தில் காட்ட ஒவ்வோர் ஆய்வகமும் ஒரு குறியைப் பயன்படுத்திய நிலையை மாற்றிப் பொதுக்குறியீட்டு முறை ஒன்று 2015இல் வெளியிடப்பட்டதிலும் அவர் பெயர் உண்டு. பச்சை வட்டம் மேனோஸ், மஞ்சள் வட்டம் கேலக்டோஸ், சிவப்பு முக்கோணம் ஃபியூகோஸ், ஊதா வைரம் சியாலிக் அமிலம் என அமைந்த அக்குறிகள் மொழி கடந்தவை. தமிழில் எழுதப்படும் பாடநூலுக்கும் அவை அப்படியே பொருந்தும்.

ஆய்வு நிலையில் அவர் குழு அளித்த இரண்டு பங்களிப்புகள் இங்குக் குறிக்கத்தக்கன. குருதி உறையாமலிருக்கத் தரப்படும் ஹெப்பாரின், செலக்டின்களின் பிடியையும் தடுக்கிறது என்பது ஒன்று. மற்றொன்று மனிதரின் தனித்தன்மை பற்றியது. பெரும்பாலான பாலூட்டிகளின் உயிரணுக்களில் காணப்படும் ஒருவகைச் சியாலிக் அமிலத்தை மனித உடலால் ஆக்க முடியாது. அதற்குரிய மரபணு மனித மூதாதையரிடமே செயலிழந்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற செவ்விறைச்சியை உண்ணும்போது அந்த அயல் சர்க்கரை சிறிதளவு மனிதத் திசுவில் சேர, அதற்கெதிரான எதிர்ப்பொருள்கள் நாட்பட்ட அழற்சியைத் தூண்டலாம் என்பது அவர் குழு முன்வைத்த கருத்து. எலிகளில் இதற்குச் சான்று காட்டப்பட்டுள்ளது.

ஒட்டுதலைத் தடுத்தால்

அழற்சிக்கு ஒட்டுதல் தேவையெனில், ஒட்டுதலைத் தடுத்து அழற்சியை அடக்கலாமே என்னும் எண்ணம் இயல்பானது. நட்டாலிசுமாப் என்னும் மருந்து அவ்வாறு தோன்றியது. நரம்பு உறைகளைத் தன்னுடலே தாக்கும் நோயில், வெள்ளையணுக்கள் மூளைக்குள் நுழையாதபடி ஓர் இன்டெக்ரினை அது மறைக்கிறது. 2004 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, மூன்றே மாதங்களில் 2005 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. மருந்து பெற்றவர்களுள் சிலருக்கு மூளையில் மறைந்திருந்த நச்சுயிரி தலைதூக்கியதே காரணம். தாக்க வந்த அணுக்களோடு காக்க வந்த அணுக்களும் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்தன. கடுங்கண்காணிப்பு விதிகளோடு 2006இல் அது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

பட்டு நூலும் வெள்ளையணுவும்

அறுவை மருத்துவத்தில் பட்டு நூலால் தைப்பது நீண்டநாள் வழக்கம். அவ்விடத்தில் சில சமயம் எழும் அழற்சிக்குப் பட்டையே குறைகூறும் கருத்து நிலவியது. பிற்கால ஆய்வுகள் ஐயத்தை நூலிலிருந்து பசையின்மேல் திருப்பின. இன்றைய அறுவைப் பட்டு, செரிசின் நீக்கிப் பின்னப்பட்டு மெழுகோ சிலிகோனோ பூசப்பட்டது. எனினும் செரிசினே குற்றவாளி என்றும் முடித்துவிட முடியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கரைந்த செரிசின் தனியாக இருந்தபோது விழுங்கணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்யவில்லை. பாக்டீரியாவின் உறைப்பொருளோடு சேர்ந்தபோது அக்கிளர்ச்சியை மிகுவித்தது. தூய்மை குன்றிய பசையும் தூய பசையும் உடலுக்கு ஒன்றல்ல என்பதே பொருள். பழைய சோதனைகள் பலவற்றை மறுபடி படிக்க வேண்டிய தேவையை இது உண்டாக்கியது.

அணுக்கள் பட்டின்மேல் ஒட்டுமா என்பது அடுத்த கேள்வி. ஆரணித் தறிகளில் ஏறுவது முசுக்கொட்டை இலையுண்ணும் பாம்பிக்ஸ் மோரி புழுவின் பட்டு. அதன் ஃபைப்ராயினில் முன்னர்க் கூறிய மூன்று அமினோ அமில அடையாளம் இல்லை. நடு, கிழக்கு இந்தியக் காடுகளில் மருது போன்ற மரங்களில் வளரும் தசர்ப்புழுவின் ஃபைப்ராயினில் அது இயற்கையாகவே உண்டு. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சுபாஸ் குண்டுவின் குழு இந்தியக் காட்டுப்பட்டுகளை உயிர்ப்பொருளாக ஆய்வதில் முன்னோடியாக விளங்கியது. முசுக்கொட்டைப் பட்டிலும் அவ்வடையாளத்தை வேதிமுறையில் இணைத்து எலும்பணுக்களை வளர்க்கும் முயற்சி, அமெரிக்காவில் டேவிட் கப்லான் குழுவினரால் 2001இல் வெளியிடப்பட்டது. பட்டு நகரங்களில் கொதிநீரோடு கழிவாக வெளியேறும் செரிசினும் தோலின் நாரணுக்கள் ஒட்டி வளர உதவுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நூலின் எடையில் கால்பங்கு வீணாகும் தொழிலுக்கு இது சிறிய செய்தியன்று. ஆனால் சோப்பும் சோடாவும் கலந்த நீரிலிருந்து செரிசினைச் சிதையாமல் பிரிப்பது எளிதன்று. காரம் அதன் சங்கிலியைத் துண்டாக்கிவிடுகிறது. தொழிற்கூடத்தின் பசை நீக்கும் முறையே மாறினாலன்றி அது மருத்துவப் பொருளாகாது.

தமிழில் பெயரிடல்

இத்துறையைத் தமிழில் எழுத முற்படுவோர்க்கு முதல் சொல்லிலேயே இடர் எழுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் செல் என்கிறது. இலங்கைப் பாடநூல் கலம் என்கிறது. உயிரணு, கண்ணறை என்பனவும் வழங்குகின்றன. தமிழ்நாட்டின் வெள்ளையணு இலங்கையில் வெண்குழியம் எனப்படுகிறது. 1991க்கு முன்பு செலக்டின் இருந்த நிலையில் இச்சொற்கள் இன்றும் உள்ளன. இணையத்தில் தேடும் மாணவர் ஒரு பெயரைக்கொண்டு மறுகரையின் நூலை அடைய முடிவதில்லை.

ஒட்டுதலுக்கு இயற்பியல் பாடநூல்களிலுள்ள வேறினக் கவர்ச்சி என்னும் தொடரை இங்குக் கொணர்வது பிழையாகும். மசாத்தோஷி தாக்கேச்சி கண்டறிந்த கேட்ஹெரின் என்னும் ஒட்டுப்புரதம் தன் இனத்தையே பற்றுவது. ஓர் அணுவின் ஈ-கேட்ஹெரின் அடுத்த அணுவின் ஈ-கேட்ஹெரினோடு பிணைகிறது. அதனை வேறினக் கவர்ச்சி என்றால் பொருள் தலைகீழாகிவிடும். அறுவைக்குப்பின் குடல் மடிப்புகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் சிக்கலையும் மருத்துவர் ஒட்டு என்பதால், உயிரணு ஒட்டுதல் என்று முழுமையாகச் சொல்வதே தகும். புரதக் குடும்பப் பெயர்கள் பன்னாட்டு உடன்பாட்டால் நிலைபெற்றவை; அவற்றைத் தேர்வொட்டி, ஒருங்கி என்றெல்லாம் மாற்றுவது தீர்ந்த குழப்பத்தை மீண்டும் தொடங்குவதாகும். நிகழ்வுப் பெயர்களுக்கோ தமிழ் வேர்களே போதும்: உருளல், இறுகப்பற்றல், ஊடுருவல். இவற்றுள் இறுதிச் சொல்லிலுள்ள ஊடு என்னும் அடியே, ஆரணி நெசவாளர் பாவின் குறுக்கே செலுத்தும் ஊடையிலும் இருக்கிறது.